மன்னனைத் தடுத்த சொல்

நம் இல்லங்களில் ஒரு நாளைக்குப் பலமுறை ஒலிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பும் மகன், விமான நிலையத்தில் பெட்டியை இரண்டு முறை ‘செக்’ செய்தார்கள் என்று சலித்துக்கொள்கிறான். வங்கியிலிருந்து வரும் தந்தை, ‘செக்’ மாறிவிட்டது என்கிறார். பெருநாளைக்குத் துணி எடுக்கச் சென்ற தாய், கணவருக்குச் சிறு ‘செக்’ போட்ட கைலி போதும் என்று கடைக்காரரிடம் சொல்கிறார். திண்ணையில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளில் ஒருவன், ‘ராஜாவுக்குச் செக்!’ என்று கூவுகிறான். ஊர் எல்லையில் வண்டிகளை நிறுத்தும் இடத்திற்கும் ‘செக்போஸ்ட்’ என்றே பெயர்.

சோதனை, காசோலை, கட்டம் போட்ட துணி, சதுரங்க எச்சரிக்கை, தடுப்பு என ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை பொருள்களை ஒரே சொல் எவ்வாறு சுமக்கிறது? இவை ஒலியால் மட்டும் ஒன்றுபட்ட வெவ்வேறு சொற்களா, அல்லது ஒரே வேரில் கிளைத்தவையா?

இக்கேள்வியை எழுப்புவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்று: ‘ஆங்கிலேயரின் செக் என்ற சொல், அரபியரின் ஸக் என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆகவே காசோலையை உலகுக்குத் தந்தவர்கள் முஸ்லிம்களே.’ கேட்போர் மகிழ்கின்றனர், கைதட்டுகின்றனர். நாமும் கைதட்டியிருக்கிறோம். ஆனால் அது உண்மைதானா என்று பார்ப்பது நம் கடமை. ஒரு செய்தி நமக்கு இனிப்பாக இருக்கிறது என்பது, அது மெய் என்பதற்குச் சான்றாகாது. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை நம் மார்க்கம் கண்டிக்கிறது.

ஷாவின் பலகை

சொல்லின் பிறப்பிடம் சதுரங்கப் பலகை. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் ‘சதுரங்கம்’ எனப்பட்ட இவ்விளையாட்டு இந்திய மண்ணில் தோன்றி, கி.பி. ஆறாம் நூற்றாண்டு அளவில் பாரசீகத்தை அடைந்தது. அங்கு அது ‘சத்ரங்க்’ ஆயிற்று. ஸாஸானியப் பேரரசன் நவ்ஷேர்வானின் அவைக்கு இந்திய மன்னர் ஒருவர் இவ்விளையாட்டை அனுப்பி, இதன் விதிகளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சவால் விட்டதாகப் பாரசீகத்தில் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், விளையாட்டு சென்ற திசை ஐயத்திற்கு இடமற்றது.

கி.பி. 651இல் ஸாஸானியப் பேரரசு முடிவுற்றது. பாரசீகத்தின் அறிவுச் செல்வங்களோடு இந்த விளையாட்டும் அரபியரிடம் வந்தது. ‘ச’கரத்தின் வல்லொலியும் ‘க’கரத்தின் மெல்லொலியும் அரபி நாவில் இல்லாமையால் சத்ரங்க் ‘ஷத்ரன்ஜ்’ ஆயிற்று. அப்பாஸியர் காலத்தில் இக்கலை பெருவளர்ச்சி கண்டது. கலீஃபா முக்தஃபீயின் அவையில் (902–908) புகழ்பெற்று விளங்கிய அபூபக்ர் அஸ்ஸூலி, இவ்விளையாட்டைப் பற்றி நூல்களே எழுதினார். இதை ஆடலாமா என்பதில் மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சூதும் தொழுகையைப் புறக்கணித்தலும் சேராதவரை இது ஹராம் ஆகாது, ஆயினும் மக்ரூஹ் என்பது இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களின் கருத்து. பிற இமாம்கள் இன்னும் கடுமையான நிலை கொண்டனர். அந்த விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. சொல்லின் வழியே நாம் மேலும் செல்வோம்.

பாரசீக மொழியில் மன்னனுக்கு ‘ஷா’ என்று பெயர். எதிரியின் மன்னன் தாக்குதலுக்கு உள்ளாகும்போது ஆட்டக்காரர் ‘ஷா!’ என்று உரக்கச் சொல்வார். ‘உன் மன்னனுக்கு ஆபத்து, மற்ற வேலைகளை விட்டுவிட்டு அவனைக் காப்பாற்று’ என்பது அதன் பொருள். தப்ப வழியே இல்லாதபோது ‘ஷா மாத்’ என்பார். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான் என்று பொருள். ஆகவே ‘மன்னன் இறந்தான்’ என்று பலர் விளக்குவர். பாரசீகத்தில் ‘மாத்’ என்பதற்கு ‘செய்வதறியாது நின்றவன்’ என்று பொருள். பலகையில் வெட்டப்படாத ஒரே காய் மன்னன்தான். ஆகவே பாரசீகப் பொருளே விளையாட்டின் விதிக்கு ஏற்றதாகும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மன்னனின் பெயரே மன்னனுக்கு விடுக்கும் எச்சரிக்கை ஆகிவிட்டது. அரியணையில் வீற்றிருப்பவனைக் குறித்த சொல், அவனை நகர விடாமல் நிறுத்துவதைக் குறிக்கத் தொடங்கியது. அதன் பிற்காலப் பொருள்கள் யாவற்றுக்கும் வித்து இதுவே.

மேற்கு நோக்கி

ஸ்பெயின், ஸிஸிலி ஆகிய முஸ்லிம் நாடுகளின் வாயிலாக, கி.பி. 1000 அளவில் சதுரங்கம் ஐரோப்பாவில் வேரூன்றியது. அதன் பெயர் இரு வழிகளில் சென்றது. அரபியரோடு நெருங்கி வாழ்ந்த ஸ்பானியர் ‘அஷ்ஷத்ரன்ஜ்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டு ‘அஹெத்ரேஸ்’ என்றனர். மற்றவர்களோ ஆட்டத்தின்போது அடிக்கடி காதில் விழுந்த ‘ஷா’ என்ற சொல்லையே விளையாட்டுக்குப் பெயராக்கினர். இத்தாலியரின் ‘ஸ்காக்கி’, ஜெர்மானியரின் ‘ஷாக்’, பிரெஞ்சுக்காரரின் ‘எஷெக்’ எல்லாம் இந்த ஷாவின் பிள்ளைகளே. ரஷ்யர்கள் முழுத் தொடரையும் விடாமல் ‘ஷாக்மாத்தி’ என்று இன்றும் வழங்குகின்றனர்.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்செக்’ என இருந்த சொல், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அந்நாட்டு மொழியில் கலந்தது. ஒருமை வடிவம் ‘செக்’ ஆயிற்று. பன்மை வடிவம் ‘செஸ்’ ஆயிற்று. ஆகவே நம் பிள்ளைகள் ‘செஸ்’ விளையாடுகிறோம் என்று சொல்லும்போது ‘ஷாக்கள்’ விளையாடுகிறோம் என்றே சொல்கின்றனர். ‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’ என்பதன் தேய்ந்த உருவமேயன்றி வேறில்லை.

கட்டம் போட்ட மேசை

சொல்லின் அடுத்த தங்குமிடம் இங்கிலாந்து அரசரின் கருவூலம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் (1100–1135), அரசின் வரவுசெலவைத் தணிக்கை செய்யும் அவை ஒன்று உருவாயிற்று. ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டர் காலத்திலும் மைக்கேல் திருநாளை ஒட்டியும், மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃபுகள் அதன்முன் வந்து, வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்த அவையின் நடைமுறையை ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்னும் கருவூலத் தலைவர் 1170களின் இறுதியில் லத்தீன் மொழியில் ஒரு நூலாக எழுதி வைத்தார். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு மேசை. அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணி. அக்கோடுகளுக்கு இடையே காசு வில்லைகளை வைத்துக் கூட்டியும் கழித்தும் கணக்குப் பார்த்தனர். ரோமன் எண்களைக் கொண்டு பெருந்தொகைகளைக் கூட்டுவது கடினம்; எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபும் கண்ணால் பார்த்து அறியக்கூடிய முறை இது. கட்டம் போட்ட அந்த மேசை சதுரங்கப் பலகையை நினைவூட்டியது. சதுரங்கப் பலகைக்கு லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’ என்று பெயர். அதுவே அலுவலகத்தின் பெயராகவும் ஆயிற்று. பலகையில் இரு மன்னர்கள் மோதுவதைப் போல, இங்குக் கருவூலத் தலைவரும் ஷெரீஃபும் எதிரெதிரே அமர்ந்து மோதுகின்றனர் என்றும் அந்நூலாசிரியர் ஒப்புமை கூறுகிறார். அச்சொல் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்செக்கர்’ என்று உருமாறியது. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்பதே பதவிப் பெயர். பெயரின் வேரைத் தோண்டினால் அவர் சதுரங்கப் பலகையின் அமைச்சர். இன்னும் தோண்டினால் ஷாவின் அமைச்சர்!

இந்த மேசையருகே அமர்ந்திருந்த ஒருவரை நாம் தனியே குறிப்பிட வேண்டும். அவர் பெயர் தாமஸ் பிரவுன். இங்கிலாந்தில் பிறந்த இவர், ஸிஸிலியின் நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜரிடம் பணியாற்றியவர். ஸிஸிலியில் முஸ்லிம் ஆட்சி முடிந்திருந்தாலும், அரசின் ‘தீவான்’ அலுவலகம் அரபி மொழியிலேயே ஆவணங்களை எழுதிவந்தது. அந்த ஆவணங்களில் இவர் ‘காயித் பிரூன்’ என்று குறிப்பிடப்படுகிறார். ரோஜர் 1154இல் இறந்தபின் தாயகம் திரும்பிய இவரை, இரண்டாம் ஹென்றி மன்னர் எக்ஸ்செக்கரில் அமர்த்தினார். இவருக்கெனத் தனிக் கணக்குச் சுருள் ஒன்றும் அங்கு இருந்தது. இதைக்கொண்டு, எக்ஸ்செக்கரே அரபியரிடமிருந்து எடுத்தது என்று முழங்கிவிட முடியாது. பிரவுன் வருமுன்பே அந்த அவை இயங்கிக்கொண்டிருந்தது. அரபித் தீவானில் பழகிய ஒருவரின் கண், லண்டன் மன்னரின் கணக்கையும் நோக்கியது என்பதே இதிலுள்ள உண்மை. அந்த அளவே போதும், அதுவே அழகானது.

கைலியின் கட்டம்

சதுரங்கப் பலகையின் கட்டங்கள் துணிக்கும் பெயர் தந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடி, சதுரங்கள் உண்டாகும் நெசவை ஆங்கிலேயர் ‘செக்கர்’ என்றும், சுருக்கமாக ‘செக்’ என்றும் வழங்கினர். இந்தப் பொருளில் அச்சொல் நம் கடற்கரையைத் தேடி வந்தது.

சோழமண்டலக் கடற்கரையில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணிகள் உலகச் சந்தையில் ‘மெட்ராஸ் செக்’ என்று பெயர் பெற்றன. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு இவ்வணிகத்தின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்று. டச்சுக்காரர் 1613இல் அங்கு கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, இத்துணிகளைக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்று, அவற்றுக்கு மாற்றாக வாசனைப் பொருள்களை வாங்கினர். அவர்கள் வருமுன்பே நம் மரக்காயர் முதலிய கடல்வணிகர் நடந்த பாதைதான் அது. இன்றும் மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலேக்காட்’ என்கின்றனர். ‘பெலேக்காட்’ என்பது பழவேற்காட்டின் பெயரே. கோலாலம்பூரில் ஜும்ஆவுக்குச் செல்லும் ஒரு மலாய் முதியவர், தம் இடுப்பில் ஒரு தமிழ்க் கடற்கரை ஊரின் பெயரை உடுத்திச் செல்கிறார்.

விளையாட்டாக இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒன்று, பாரசீகத்தில் ஒரு பெயர் பெற்று, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, நம் தறியில் ஓடிய கட்டங்களுக்கே பெயராகத் திரும்பி வந்தது. கிராமத்து மக்கள் ‘செக்கு’ என்று சொல்லும்போது நம் எண்ணெய்ச் செக்கும் நினைவுக்கு வரும். இது வேறு, அது வேறு. நம் செக்கு தூய தமிழ்ச் சொல். செக்குமாடு ஒரே வட்டத்தில் நடக்கும்; இந்தச் சொல்லோ உலகையே வட்டமாக்கி நடந்திருக்கிறது.

தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்கு

இனி, சோதனையும் காசோலையும் எப்படி வந்தன என்று நோக்குவோம். மன்னன் நகர முடியாமல் தடைப்படும் நிலையைக் குறித்த ‘செக்’, பதினான்காம் நூற்றாண்டிலேயே பலகையை விட்டிறங்கி, எந்தத் தடைக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. வேகமாக ஓடும் குதிரையை இழுத்து நிறுத்துவதும், கோபத்தை அடக்குவதும் ‘செக்’ ஆயின. தடுத்து நிறுத்துவது எதற்காக? தவறு நேராமல் பார்ப்பதற்காக. ஆகவே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் என்ற பொருள் பிறந்தது.

இந்த ஒப்பிடும் வழக்கத்திற்கு எக்ஸ்செக்கரில் பழைய முன்னோடி ஒன்று இருந்தது. பணம் பெற்றதற்கு அடையாளமாக ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்பக் கீறல்கள் இட்டு, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கொடுத்தவரிடம் ஒரு பாதியும் பெற்றவரிடம் மறுபாதியும் வைத்துக்கொள்வர். பின்னர் இரு பாதிகளும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும். பிற்காலத்தில் பயனற்றுக் குவிந்து கிடந்த இக்குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று எரித்தபோது, தீ பரவி லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே சாம்பலாயிற்று.

குச்சியின் இடத்தைக் காகிதம் பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணப்பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்தபின் அலுவலகத்தில் தங்கிவிடும் அடிக்கட்டைக்கே ‘செக்’ என்று பெயர். பத்திரம் திரும்ப வரும்போது இந்த அடிக்கட்டையோடு ஒப்பிட்டு, மோசடியைத் தடுப்பர். காலப்போக்கில் அடிக்கட்டையின் பெயர் பத்திரத்திற்கே ஏறிவிட்டது. வங்கிக்கு எழுதும் பணக்கட்டளை லண்டனில் அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. 1659இல் கையால் எழுதப்பட்ட அத்தகைய கட்டளை ஒன்று அறியப்பட்டுள்ளது. ஆனால் அப்போது அதற்குச் ‘செக்’ என்ற பெயர் இல்லை. பொருள் முன்னே பிறந்தது, பெயர் பின்னே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், மற்றப் பொருள்களோடு குழப்பம் நேராமலிருக்க, எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயலில் இதற்குத் தனி எழுத்துக்கூட்டல் பிரிட்டனில் நிலைபெற்றது. அமெரிக்கரோ பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டனர். அவர்களிடம் உணவு விடுதியின் ரசீதும் ‘செக்’; காகிதத்தில் சரி என்று இடும் குறியும் ‘செக்’.

ஸக் பற்றிய உண்மை

இப்போது மேடைக் கூற்றை எடைபோடலாம். மேலே கண்ட படிகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று உண்டு: ஷா, எஸ்செக், தடை, சரிபார்த்தல், அடிக்கட்டை, காசோலை. சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை. ஆனால் அரபியின் ‘ஸக்’ லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் வந்து ஆங்கிலக் காசோலையாக மாறியது என்பதற்கு இத்தகைய படிகள் கிடைக்கவில்லை. ஆகவேதான் ஆங்கிலச் சொல்லாராய்ச்சி அகராதிகள் செக்கின் வேரைச் சதுரங்கத்தின் ஷாவிடம் காட்டுகின்றன. ஒலி ஒத்திருப்பதும் பொருள் ஒத்திருப்பதும் மட்டும் உறவை நிறுவா.

இன்னொன்றும் உண்டு. ஸக் என்பதே தூய அரபிச் சொல் அன்று. பாரசீகத்தின் ‘சக்’ என்ற சொல் அரபியானதே அது என்று அரபி அகராதிப் புலவர்களே எழுதிவைத்துள்ளனர். தம் மொழியில் வேற்றுச் சொல் ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ள அவர்கள் கூசவில்லை. இன்றைய அரபு நாடுகளின் வங்கிகளிலோ காசோலைக்கு வழங்கும் சொல் ‘ஷீக்’. அது ஐரோப்பாவிலிருந்து திரும்பி வந்தது. ஷா என்று போனவன் ஷீக் என்று மாறுவேடத்தில் வீடு திரும்பியிருக்கிறான்.

அப்படியானால் நம் பெருமை பறிபோய்விட்டதா? இல்லை. சொல்லின் உறவு பொய்யாகலாம். பொருளின் வரலாறு மெய்யே. எழுத்தால் பணம் நகரும் வழக்கம் முஸ்லிம் உலகில் மிகப் பழமையானது. பத்தாம் நூற்றாண்டின் பயணியும் நிலவியல் அறிஞருமான இப்னு ஹவ்கல், ஸஹாராவின் தென்விளிம்பில் இருந்த அவ்தகஸ்த் நகரத்து வணிகர் ஒருவர், பாலைவனத்துக்கு வடக்கே உள்ள ஸிஜில்மாஸா நகரத்தவர் ஒருவருக்குத் தரவேண்டிய 42,000 தீனாருக்கு எழுதப்பட்ட ஸக் ஒன்றைக் கண்டதாகப் பதிவு செய்கிறார். அதற்குச் சாட்சிகளும் இருந்தனர். கிழக்கு நாடுகளில் இத்தகைய ஒன்றைத் தாம் கண்டதில்லை என்று அவரே வியக்கிறார்.

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், யூதர்களின் தொழுமிடம் ஒன்றின் அறையில் பல நூற்றாண்டுக் காகிதங்கள் குவிந்து கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை வெளி உலகுக்கு வந்தன. அவற்றுள் ஃபாத்திமியர் ஆட்சியின் பிற்பகுதியைச் சேர்ந்த பணக்கட்டளைச் சீட்டுகள் உள்ளன. இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க என்று வணிகர் தம் பணக்காப்பாளருக்கு எழுதிய சிறு துண்டுகள் அவை. தொகையும் நாளும் பெயரும் உண்டு. அவற்றை ஆராய்ந்த எஸ்.டி. கோய்ட்டைன் என்னும் அறிஞர் இக்காலக் காசோலையோடு ஒப்பிடுகிறார். முஸ்லிம்களின் ஆட்சியில், யூத வணிகர்கள், அரபி மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதிப் பயன்படுத்தினர் என்பது அக்காலச் சந்தையின் நம்பிக்கைக்குச் சான்று. அச்சீட்டுக்கு அவர்கள் இட்ட பெயரும் ஸக் அன்று, ‘ருக்ஆ’ என்பதே.

மர்வானுக்கு வைத்த தடை

ஸக் என்ற சொல்லோடு நாம் நினைவுகூர வேண்டிய நிகழ்ச்சி, மேடைகளில் அவ்வளவாகச் சொல்லப்படாத ஒன்று. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு. முஆவியா (ரலி) அவர்களின் காலம். மதீனாவின் ஆளுநராக இருந்தவர் மர்வான் இப்னு ஹகம். எகிப்திலிருந்து செங்கடல் வழியாக வந்த தானியம் மதீனாவின் துறைமுகமான அல்ஜார் என்னும் ஊரில் இறங்கும். மக்களுக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு ஸக் என்னும் சீட்டுகள் வழங்கப்பட்டன. சீட்டைக் கொண்டுபோய்த் தானியம் பெறுமுன்பே, சிலர் அச்சீட்டுகளை விற்கத் தொடங்கினர். வாங்கியவர் மேலும் ஒருவருக்கு விற்றார். தானியம் கிடங்கில் கிடந்தது. காகிதம் கை மாறிக்கொண்டே இருந்தது.

நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்கள் மர்வானிடம் சென்று, நீர் வட்டி வியாபாரத்தை ஆகுமாக்கிவிட்டீரே என்று கேட்டார்கள். நான் அப்படிச் செய்யவில்லையே என்றார் மர்வான். சீட்டுகளை விற்க விட்டிருக்கிறீர். உணவுப் பொருளை முழுமையாகக் கைப்பற்றுமுன் விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு தோழரும் மர்வானிடம் சென்று முறையிட்டதாக வருகிறது. ஆளுநர் தம் தவற்றை உணர்ந்தார், காவலர்களை அனுப்பினார். அவர்கள் சீட்டுகளை வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற்று, உரியவர்களிடமே சேர்த்தனர்.

அந்நிகழ்ச்சியில் இருப்பது என்ன? ஆட்சியாளரின் முன்னால் ஓர் எளிய மனிதர் நின்று, ‘இங்கே நில், இதற்கு மேல் நகராதே’ என்று சொல்வது. பாரசீகர் பலகையின் முன்னிருந்து ‘ஷா!’ என்று எச்சரித்தார்களே, அதன் மெய்யான வாழ்வு இதுதான். அங்கே மரக்காய், இங்கே ஒரு நகரத்தின் ஆளுநர். ஆட்டத்தில் எச்சரிப்பவர் எதிரி. இங்கே எச்சரித்தவர் நன்மை நாடிய தோழர். தடுக்கப்பட்டவரும் தடையை ஏற்றுக்கொண்டார்.

பிற்காலத்தில் மேற்கு நாட்டு அரசியல் அறிஞர்கள், ஆட்சியதிகாரம் ஒரே கையில் பெருகிவிடாமல் ஒன்றையொன்று தடுத்து நிற்க வேண்டும் என்று கூறி, அதற்கும் இதே ‘செக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினர். 1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இக்கொள்கையின்மேல் எழுந்தது. மன்னன் என்ற பொருளோடு புறப்பட்ட சொல், மன்னனைப் போன்ற அதிகாரம் எவருக்கும் வாய்த்துவிடக் கூடாது என்ற பொருளில் வந்து முடிந்தது. சொற்களின் வரலாற்றில் இதைக் காட்டிலும் பெரிய திருப்பத்தைக் காண்பது அரிது.

எனவே, காசோலையின் ஆங்கிலப் பெயர் ஸக்கிலிருந்து வந்தது என்று இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருநாள் அகராதியைப் புரட்டும்போது, நாம் சொன்னது தவறு என்று அறிந்தால், நாம் சொன்ன மெய்களையும் சேர்த்தே ஐயுறும். அதைவிட, ஸக் என்ற காகிதம் தோன்றியபோதே அதில் அநீதி புகாமல் தடுத்தவர்கள் நம் முன்னோர் என்று சொல்லுவோம். பெயரை நாம் கொடுத்தோமா என்பதைவிட, அந்தப் பெயர் குறிக்கும் பண்பை நாம் வைத்திருக்கிறோமா என்பதே பெரிது.

நம் ஜமாஅத்துகளில், நிறுவனங்களில், வக்ஃபு நிருவாகங்களில் கணக்குக் கேட்பவரை எதிரியாகப் பார்க்கும் வழக்கம் இருக்குமாயின், மர்வானை நினைத்துக்கொள்வோம். கணக்குக் கேட்கப்பட்டபோது அவர் கேட்டவரைத் துரத்தவில்லை. காவலரைச் சீட்டுகளின் பின்னே அனுப்பினார். பிறர் கேட்குமுன் தன்னைத் தானே கணக்குக் கேட்டுக்கொள்வதை நம் பெரியோர் ‘முஹாஸபா’ என்றனர். அதற்குப் பலகையும் வேண்டா, கட்டம் போட்ட மேசையும் வேண்டா. இறுதியில், எந்த அடிக்கட்டையும் ஒளித்துவைக்க இயலாத ஒரு கணக்கு நாள் நமக்காகக் காத்திருக்கிறது. அன்று நம் பக்கமும் அவன் பக்கமும் பொருந்தும்படி இன்றே எழுதிக்கொள்வோமாக.